கணிப்பொறி வரைபடம் படிப்பை வளர்க்குமா?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

சமூக அறிவியல் வினாத்தாளுடன் இணைத்துத் தரும் அந்த வெற்று இந்தியப் படத்தைக் கண்டதும் உங்களில் எத்தனை பேருக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும்? எனக்குக் கரைக்கும். எட்டாம் வகுப்பு அரையாண்டுத் தேர்வில் நான் நர்மதை ஆற்றைக் கிழக்கு நோக்கி ஓடவிட்டு, வங்காள விரிகுடாவில் கொண்டுபோய்ச் சேர்த்தேன். சிவப்பு மையில் விழுந்த சுழியைவிட வீட்டில் கேட்ட சொல்தான் அதிகம் வலித்தது. விடைத்தாளைப் பார்த்த உறவினர் ஒருவர், “பொம்பளைப் பிள்ளைங்களுக்குத் திசையெல்லாம் ஏறாது, விடுங்க” என்று சிரித்துக்கொண்டே சொன்னார். என்னைத் தேற்றுவதற்காகத்தான் சொன்னார். நானும் அதைச் சில காலம் நம்பினேன். நம்புவது வசதியாகவும் இருந்தது. பிறவியிலேயே வராத ஒன்றை உட்கார்ந்து படிக்க வேண்டியதில்லை அல்லவா?

இவ்வாண்டு ஜூலை மாதம் எங்கள் புவியியல் சிஸ்டர் வகுப்பைக் கணிப்பொறி அறைக்கு அழைத்துச் சென்று, நாங்களே வரைபடம் செய்யக் கற்றுத்தரத் தொடங்கினார்கள். அடுத்து நடந்த பெற்றோர் கூட்டத்தில் ஒரு தோழியின் தந்தை எழுந்து நின்று, “பொதுத்தேர்வு எழுதும் ஆண்டில் இது தேவைதானா, சிஸ்டர்? இதனால் பிள்ளைகள் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குச் சான்று ஏதாவது உண்டா?” என்று கேட்டார். நியாயமான கேள்விதான். சிஸ்டர், “பார்த்துச் சொல்கிறேன்” என்று பணிவோடு பதில் கூறிவிட்டு, மறுநாள் காலை அந்தப் பொறுப்பை என் தலையில் வைத்துவிட்டார்கள். அவர்கள் தேடித் தந்த ஆங்கிலக் கட்டுரைகளை அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, புரியாத இடங்களில் அவர்களையே தொந்தரவு செய்து, படித்தறிந்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

கணிப்பொறி வரைபடம் என்றவுடன் கைப்பேசியில் வழி காட்டும் படம்தான் பலருக்கும் நினைவுக்கு வரும். நான் சொல்ல வந்தது அதுவன்று. பூத்தையல் வகுப்பில் மெல்லிய டிரேசிங் தாளை வைத்துப் பூவைப் படியெடுக்கிறோமே, அத்தகைய தாள்கள் நான்கைந்தை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியதாக எண்ணிக்கொள்ளுங்கள். ஒரு தாளில் ஊரின் தெருக்கள் மட்டும் இருக்கின்றன. மற்றொன்றில் வாய்க்கால்களும் குளங்களும். இன்னொன்றில் நிலத்தின் மேடுபள்ளம். அதற்கும் மேலே வீடுகள். வேண்டிய தாளை வைக்கலாம், வேண்டாததை எடுத்துவிடலாம். இதோடு நின்றால் அது வெறும் படம். ஆனால் இந்தப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் பின்னால் ஓர் அட்டவணை ஒளிந்திருக்கிறது. ‘வாய்க்காலிலிருந்து நூறு மீட்டருக்குள், பள்ளமான இடத்தில் இருக்கும் வீடுகள் எவை?’ என்று நாம் கேட்டால், அந்த வீடுகளை மட்டும் வேறு நிறத்தில் காட்டும். கேள்வி கேட்கலாம், பதில் சொல்லும். காகிதப் படத்துக்கும் இதற்கும் உள்ள பெரிய வேறுபாடு இதுவே. இதைப் புவியியல் தகவல் முறைமை என்று சொல்கிறார்கள். ஆங்கிலத்தில் சுருக்கமாக ஜி.ஐ.எஸ்.

1960களில் கனடா நாட்டு அரசு, தன் பரந்த நிலத்தில் எந்த இடம் எதற்கு ஏற்றது என்று கணக்கெடுக்கப் புறப்பட்டது. வண்டி வண்டியாகச் சேரும் படங்களைக் கையால் ஒப்பிட்டு மாளாது என்பதால், அவற்றைக் கணிப்பொறியில் ஏற்றும் வழியை வகுத்தவர் ராஜர் டாம்லின்சன் என்ற புவியியலாளர். அன்று அரசாங்கங்களால் மட்டுமே செய்ய முடிந்ததை இன்று பள்ளிக்கூடக் கணிப்பொறியில் செய்யலாம். க்யூ.ஜி.ஐ.எஸ். என்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கிறது. நம் நாட்டு விண்வெளி ஆய்வு நிறுவனம் 2009இல் தொடங்கிய ‘புவன்’ தளத்தில், பள்ளி மாணவர்களுக்காகவே ‘ஸ்கூல் புவன்’ என்ற பகுதியும் உண்டு.

முதல் நாளே நான் ஒரு சாதனை புரிந்தேன். அவரவர் வீட்டைப் படத்தில் குறிக்க வேண்டும். நம் திருச்சி ஏறத்தாழ வடக்கு 10.8 பாகை, கிழக்கு 78.7 பாகையில் இருக்கிறது. நான் அவசரத்தில் இரண்டு எண்களையும் இடம் மாற்றி இட்டுவிட்டேன். உறையூரில் இருக்க வேண்டிய எங்கள் வீடு, வட துருவத்துக்கு அருகே, நார்வே நாட்டைச் சேர்ந்த ஸ்வால்பார்ட் தீவுகளின் மேற்கு ஓரத்தில் போய் விழுந்தது. வகுப்பே சிரித்தது. “உங்கள் வீட்டில் குளிர்சாதனப் பெட்டி வேண்டாம்” என்று சிஸ்டரும் சேர்ந்துகொண்டார்கள். ஆனால் தோழியரே, அட்சக்கோடு என்றால் என்ன, தீர்க்கக்கோடு என்றால் என்ன என்று மூன்றாண்டுகள் மனப்பாடம் செய்தும் தலைக்குள் போகாதது அந்த ஒரு நிமிடத்தில் போய்விட்டது. இனி இந்தப் பிறவியில் நான் அவ்விரண்டையும் மாற்ற மாட்டேன்.

இது என் கதை. ஒருத்தியின் கதை சான்றாகாது. சான்று வேண்டுமென்றால் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எங்கள் வீட்டுக் கொல்லையில் கத்தரிச்செடிக்கு உரம் போட்டு, காய்த்ததும் ‘உரம்தான் காரணம்’ என்று அம்மா சொன்னால், ‘அந்த வருடம் மழையும் நன்றாகப் பெய்ததே’ என்று பாட்டி மறுப்பார். ஒரே மண், ஒரே தண்ணீர், இரண்டு பாத்தி. ஒன்றுக்கு உரம், மற்றதற்கு இல்லை என்று செய்து பார்த்தால்தான் வழக்குத் தீரும்.

அப்படி இரண்டு பாத்தி கட்டிப் பார்த்தவர்கள் அமெரிக்காவைச் சேர்ந்த டாம் பேக்கரும் ஸ்டீவன் வைட்டும். அவர்களுடைய ஆய்வு 2003இல் வெளியானது. எட்டாம் வகுப்பு மாணவர்களுக்கு இரண்டு வார அறிவியல் பாடம். காற்று மாசு பற்றியது. எல்லோருக்கும் அதே பாடம், அதே புள்ளிவிவரம். ஒரு பகுதியினர் காகித வரைபடத்தில் குறித்து ஆராய்ந்தனர். மறு பகுதியினர் கணிப்பொறி வரைபடத்தில். இந்த ஆய்வு எனக்குப் பிடித்ததற்குக் காரணம் உண்டு. வரைபடமே இல்லாத வகுப்போடு ஒப்பிட்டிருந்தால் கணிப்பொறி எளிதாக வென்றிருக்கும். நல்ல காகித வரைபடத்தோடு ஒப்பிட்டார்கள். முடிவு என்ன? கணிப்பொறியில் செய்தவர்களிடம், புள்ளிவிவரத்தை அலசும் திறமை கூடியிருந்தது. ஆனால் சிறிதளவுதான். ‘என்னால் அறிவியல் செய்ய முடியும்’ என்ற தன்னம்பிக்கையும் கூடியிருந்தது. ‘சிறிதளவு’ என்பதை நான் மறைக்காமல் எழுதுகிறேன். ஏனென்றால் மாயமந்திரம் என்று சொல்லி விற்கிறவர்களும் உலகில் உண்டு.

ஃபுளோரிடா மாநிலத்தின் பாம் பீச் வட்டாரத்தில் டோனா கோல்ட்ஸ்டீன், மார்ஷா அலிபிராண்டி ஆகியோர் செய்து 2013இல் வெளியிட்ட ஆய்வு இதைவிடப் பெரியது. 1,425 நடுநிலைப்பள்ளி மாணவர்கள். அவர்களில் 256 பேர் தங்கள் பாடங்களோடு கணிப்பொறி வரைபடமும் சேர்த்துப் படித்தவர்கள். மாநிலப் பொதுத்தேர்வில் அந்த 256 பேரின் மதிப்பெண் எதில் உயர்ந்திருந்தது தெரியுமா? வாசிப்பில்! இதைப் படித்ததும் நான் தவறாகப் புரிந்துகொண்டேனோ என்று மறுபடி அகராதியைப் புரட்டினேன். படம் பார்க்கிறவர்களுக்கு எப்படி எழுத்து வாசிக்கும் திறமை கூடும்?

இதற்குப் பதிலை வர்ஜீனியா மாநிலத்தில் கண்டேன். அங்கே ஜேம்ஸ் மாடிசன் பல்கலைக்கழகம் 2005இல் மேல்நிலைப்பள்ளி மாணவர்களுக்காக ஒரு பாடத்திட்டத்தைத் தொடங்கியது. பாப் கோல்வூர்ட் என்ற பேராசிரியர் அதற்கு முன்னோடி. அதில் மாணவர்கள் வரைபடக் கருவிகளைக் கற்றுக்கொண்ட பின், தம் ஊரில் உள்ள உண்மையான சிக்கல் ஒன்றைத் தாமே தேர்ந்தெடுத்து, விவரம் திரட்டி, வரைபடத்தின் வழியே தீர்வு சொல்ல வேண்டும். பாடநூலின் பின்பக்கத்தில் விடை இருக்காது.

இந்த மாணவர்களையும், அதே போன்ற பள்ளிகளில் வேறு பாடங்களைத் தேர்ந்தெடுத்த மாணவர்களையும் ஆண்டின் தொடக்கத்திலும் இறுதியிலும் சோதித்துப் பார்த்தது ஓர் ஆய்வுக் குழு. ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ராபர்ட் கோர்ட்டஸ், ஆடம் கிரீன் ஆகியோரும் கோல்வூர்டும் அதில் இருந்தனர். முடிவுகள் 2022இல் வெளிவந்தன. வரைபடம் படித்தவர்களுக்கு இட அறிவு கூடியிருந்தது. இட அறிவு என்று நான் சொல்வது, ஒரு பொருள் எங்கே இருக்கிறது, எதற்குப் பக்கத்தில் இருக்கிறது, அதைத் திருப்பினால் எப்படித் தெரியும் என்று மனத்துக்குள்ளேயே பார்க்கும் ஆற்றல். அது கூடியதில் வியப்பில்லை. படமே பார்க்காமல், சொற்களை மட்டும் கொண்டு தர்க்கம் செய்யும் கேள்விகளிலும் அவர்கள் மற்றவர்களைவிட முன்னேறியிருந்தார்கள் என்பதே வியப்பு.

அது எப்படி என்பதை எங்கள் விடுதித் தோழிகளை வைத்து விளக்கப் பார்க்கிறேன். ‘மேரியைவிட ஃபாத்திமா உயரம், ஃபாத்திமாவைவிடக் கலா உயரம், அப்படியானால் மேரி உயரமா, கலா உயரமா?’ இந்தக் கேள்விக்கு விடை சொல்லும்போது உங்கள் மனம் என்ன செய்கிறது என்று கொஞ்சம் நின்று கவனியுங்கள். மூவரையும் காலை வழிபாட்டு வரிசையில் நிற்பதுபோல் நிறுத்தி வைத்துப் பார்க்கிறது அல்லவா? சொற்களால் ஆன புதிரையும் மனம் ஓர் இடத்தில் பரப்பி வைத்துத்தான் தீர்க்கிறது என்பது உளவியலில் ஒரு கொள்கை. அந்த உள்ளிடத்தில் பொருள்களை நகர்த்திப் பழகியவர்களுக்குச் சொற்புதிரும் எளிதாகிறது. வாசிப்பதும் ஓரளவு அப்படித்தான் என்று எனக்குத் தோன்றுகிறது. கதையில் யார் எங்கே நிற்கிறார்கள், எது முன், எது பின் என்று தெரியாவிட்டால் பக்கத்தைப் புரட்டி என்ன பயன்? இது என் ஊகம்தான். ஆய்வாளர்கள் சொன்னதாக யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அந்தக் குழுவினர் மாணவர்கள் சிலரின் மூளையையும் காந்தப் படக் கருவியில் படம் எடுத்தார்கள். இடத்தைப் பற்றிச் சிந்திக்கும்போது வேலை செய்யும் மூளைப் பகுதிகளில், அந்தப் படிப்பினால் ஏற்பட்ட மாற்றத்தைப் பார்த்தால், யார் தர்க்கத்தில் முன்னேறுவார் என்பதை வழக்கமான தேர்வு மதிப்பெண்ணைவிட நன்றாகக் கணிக்க முடிந்ததாம். இதை வாசித்தபோது எனக்கு ஒரு குறும்பான மகிழ்ச்சி உண்டாயிற்று. மதிப்பெண் பட்டியலுக்குள் வராத படிப்பும் இருக்கிறது என்று இனி அப்பாவிடம் சொல்லலாம். (அவர் நம்புவாரா என்பது வேறு.)

ஆனால் ஒன்றைச் சொல்லாமல் விட்டால் தவறு. வர்ஜீனியா மாணவர்கள் அந்தப் பாடத்தைத் தாமாக விரும்பி எடுத்தவர்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு இரு பாத்திகளாகப் பிரிக்கவில்லை. புதிய கருவியை வகுப்பில் புகுத்தத் துணியும் ஆசிரியர்கள், அந்தக் கருவி இல்லாமலேயே நன்றாகக் கற்பிக்கிறவர்களாகவும் இருக்கலாம். எங்கள் சிஸ்டரிடம் ஒரு பிரம்பும் கரும்பலகையும் கொடுத்தாலே போதும், ஆப்பிரிக்காவைக் கண்முன் நிறுத்திவிடுவார்கள். பயன் கணிப்பொறியால் வந்ததா, ஆசிரியரால் வந்ததா என்று முழுவதும் பிரித்தறிவது கடினம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 2006இல் இட அறிவைப் பற்றி ஒரு பெரிய அறிக்கை வெளியிட்டது. எல்லாப் பாடங்களுக்கும் தேவையான இந்த ஆற்றலைப் பள்ளிகள் முறையாகக் கற்பிப்பதே இல்லை என்று அதில் குறைபட்டுக்கொண்டதோடு, இந்த மென்பொருள்கள் வல்லுநர்களுக்காகச் செய்யப்பட்டவை, பிள்ளைகளுக்குக் கடினமானவை என்றும் சொல்லியிருந்தது. கடினம் என்பதற்கு ஸ்வால்பார்டில் இருக்கும் எங்கள் வீடே சாட்சி.

காகிதம் வென்ற கதை ஒன்றும் எங்கள் வகுப்பில் நடந்தது. 1854ஆம் ஆண்டு ஆகஸ்டு கடைசியில் லண்டன் மாநகரின் சோஹோ பகுதியில் காலரா பரவியது. சில வாரங்களில் 600க்கும் மேற்பட்டோர் இறந்தனர். கெட்ட காற்றினால் காலரா வருகிறது என்று பெரும்பாலோர் நம்பிய காலம் அது. ஜான் ஸ்னோ என்ற மருத்துவர், தண்ணீர்தான் காரணம் என்று கருதி, இறந்தவர்களின் வீடுகளைத் தேடி விசாரித்தார். பின்னர் அவர் வெளியிட்ட வரைபடத்தில் ஒவ்வொரு மரணமும் ஒரு சிறு கறுப்புக் கோடு. கோடுகள் பிராட் தெருவிலிருந்த ஒரு குடிநீர்ப் பம்பைச் சுற்றி அடர்ந்திருந்தன. அருகிலேயே இருந்த பியர் ஆலையின் எழுபதுக்கும் மேற்பட்ட தொழிலாளர்களில் ஒருவரும் காலராவால் இறக்கவில்லை. அவர்கள் அந்தப் பம்பின் தண்ணீரைக் குடிப்பதில்லை. ஆலையில் கொடுத்த பியரைக் குடித்தார்கள்! (இதைச் சொல்லும்போது சிஸ்டர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்கள்.) ஸ்னோ சொல்வது தவறு என்று நிறுவப் புறப்பட்ட ஹென்றி ஒயிட்ஹெட் என்ற இளம் ஆங்கிலிக்கன் குரு, வீடு வீடாகப் போய் விசாரித்து, கடைசியில் ஸ்னோவின் பக்கமே வந்து சேர்ந்தார். பம்புக்கு அடுத்த வீட்டில் நோயுற்றிருந்த குழந்தையின் துணிகளை அலசிய நீர் கழிவுக் குழியில் விழுந்து, அங்கிருந்து கிணற்றில் கலந்ததைத் தெரிந்துகொள்ள உதவியவரும் அவரே.

இந்தப் பாடத்தைச் சிஸ்டர் வகுப்பை இரண்டாகப் பிரித்துச் செய்ய வைத்தார்கள். நாங்கள் கணிப்பொறியில். மற்றவர்கள் காகிதப் பிரதியும் நூலும் குண்டூசியும் வைத்துக்கொண்டு. ஒவ்வொரு பம்பைச் சுற்றியும் வட்டம் வரையும்படி நாங்கள் கணிப்பொறிக்குக் கட்டளையிட்டோம். நொடியில் முடிந்தது. வெற்றிக் களிப்போடு அடுத்த மேசையை எட்டிப் பார்த்தால், அவர்கள் இன்னும் தெருத் தெருவாக நூலை வளைத்து வளைத்து அளந்துகொண்டிருந்தார்கள். கடைசியில் சிஸ்டர் கேட்ட கேள்வி எங்களைக் கவிழ்த்தது: “குடத்தைத் தூக்கிக்கொண்டு மனிதர்கள் வட்டத்தில் நடப்பார்களா, தெருவில் நடப்பார்களா?” நேர்க்கோட்டில் பக்கத்தில் இருக்கும் பம்பு, நடந்து போகையில் தொலைவாக இருக்கலாம். ஸ்னோவும் நடைதூரத்தைத்தான் கணக்கில் எடுத்துக்கொண்டாராம். எங்கள் கணிப்பொறியும் நடைதூரம் அளக்கும். ஆனால் அதை அளக்கச் சொல்ல வேண்டும் என்று எங்களில் ஒருத்திக்கும் தோன்றவில்லை.

சும்மா திரையைப் பார்த்துக்கொண்டிருந்தால் அறிவு வளராது என்பதற்கு வேறு சான்றும் இருக்கிறது. என் பெரியப்பா முப்பது ஆண்டுகளாக லாரி ஓட்டுகிறார். நாமக்கல்லில் கண்ணைக் கட்டி விட்டால் நாக்பூரில் வந்து நிற்பார் என்று வீட்டில் வேடிக்கையாகச் சொல்வோம். அவர் மகன், என் அண்ணன், கைப்பேசிக் குரல் ‘இடப்பக்கம் திரும்பவும்’ என்று சொன்னால் திரும்புவான். மின்கலம் தீர்ந்தால் நடுத்தெருவில் நின்றுவிடுவான். ஜப்பானைச் சேர்ந்த தோரு இஷிகாவா என்ற ஆய்வாளரும் அவருடைய குழுவினரும் இதையே சோதித்து 2008இல் வெளியிட்டார்கள். கையிலுள்ள கருவி காட்டிய வழியே நடந்தவர்கள், காகித வரைபடம் பார்த்தோ முன்பே ஒரு முறை நடந்து காட்டியோ வழி அறிந்தவர்களைவிட அதிகத் தூரம் சுற்றினார்கள், அதிக முறை நின்றார்கள். பிறகு அந்த வழியை வரையச் சொன்னபோது மோசமாக வரைந்தார்கள். இதற்கு நேர்மாறானவர்கள் லண்டன் டாக்சி ஓட்டுநர்கள். உரிமம் பெற வேண்டுமானால் சாரிங் கிராஸ் என்ற மையத்திலிருந்து ஆறு மைல் தூரத்துக்குள் இருக்கும் ஏறத்தாழ 25,000 தெருக்களை நெஞ்சில் நிறுத்த வேண்டும். நினைவாற்றலுக்கு உரிய ஹிப்போகேம்பஸ் என்ற மூளை உறுப்பின் பின்பகுதி அவர்களுக்கு மற்றவர்களைவிடப் பெரிதாக இருப்பதை எலினோர் மகுவயர் குழுவினர் 2000இல் காட்டினார்கள். ஆக, ஒரே திரை இரண்டு விதமாகப் பயன்படும். வழியைச் சொல்லித் தரும் திரை நம்மைச் சோம்பேறியாக்கலாம். ‘ஏன் இங்கே, ஏன் அங்கே இல்லை?’ என்று நாம் கேட்க வேண்டிய திரைதான் வேலை வாங்குகிறது.

இனி, என் உறவினர் சொன்ன சொல்லுக்கு வருகிறேன். ‘பெண்களுக்கு ஏறாது’ என்றாரே, அது மெய்யா? இதைத் தேடித்தான் நான் அதிகப் பக்கங்கள் புரட்டினேன் என்று ஒப்புக்கொள்கிறேன். டேவிட் அட்டல் என்பவரும் அவருடைய குழுவினரும் இட அறிவுப் பயிற்சி பற்றிய 217 ஆய்வுகளைத் திரட்டி, எல்லாவற்றையும் சேர்த்து எடைபோட்டு 2013இல் வெளியிட்டார்கள். இட அறிவு பயிற்சியால் வளரும். வளர்ந்தது உடனே மறைந்துவிடாது. பயிற்சி தராத வேறு வேலைகளுக்கும் அது உதவும் என்பது அவர்கள் கண்டது. ஆண்களும் பெண்களும் பயிற்சியால் முன்னேறுகிறார்கள். எவ்வளவு முன்னேற்றம் என்பதற்கு அவர்கள் தந்த எண் 0.47. அது புரியவில்லை என்று கணக்கு மிஸ்ஸிடம் கேட்டேன். நூறு பேர் உள்ள ஒரு கூட்டத்தில் ஐம்பதாவது இடத்தில் இருப்பவள், மற்றவர்கள் அப்படியே இருக்க, பயிற்சிக்குப் பின் ஏறத்தாழ முப்பத்திரண்டாவது இடத்துக்கு வருவதற்கு ஒப்பு என்று விளக்கினார்கள். முதல் இடம் இல்லை. ஆனால் பதினெட்டுப் பேரைத் தாண்டுவது சின்ன விஷயமா?

சில சோதனைகளில் ஆண்களின் சராசரி கூடுதலாக இருப்பதும் உண்மைதான்; பயிற்சி அந்த இடைவெளியை முழுவதும் நிரப்பிவிடவில்லை என்றும் அதே ஆய்வில் உள்ளது. சிறு வயதில் பையன்கள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஊரெல்லாம் சுற்றுகிறார்கள். நாங்கள் பள்ளி விட்டால் வீடு, வீடு விட்டால் பள்ளி. அதற்கும் இதற்கும் எவ்வளவு தொடர்பு என்பதை அளக்கும் கருவி என்னிடம் இல்லை. எங்கள் வகுப்பில் நாற்பத்திரண்டு பேரில் உய்யக்கொண்டான் வாய்க்கால் எந்தப் பக்கத்திலிருந்து எந்தப் பக்கம் ஓடுகிறது என்று சிஸ்டர் கேட்டபோது, தினமும் அதைத் தாண்டி வரும் நானே விழித்தேன் என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

பெற்றோர் கூட்டத்தில் கேள்வி கேட்ட அந்தத் தந்தைக்கு நான் சொல்லக்கூடிய பதில் இதுதான். ஐயா, வெற்று இந்தியப் படத்தில் நர்மதையைச் சரியாகக் குறிக்க மனப்பாடமும் பென்சிலும் போதும். அதற்குக் கணிப்பொறி வேண்டாம். விவரங்களைப் பார்த்துக் காரணம் தேடும் திறமை இதனால் கொஞ்சம் கூடுகிறது என்பதற்குச் சான்று இருக்கிறது. வாசிப்பும் தர்க்கமும்கூட வளர்ந்ததாக இரண்டு நல்ல ஆய்வுகள் சொல்கின்றன. பிள்ளைகள் தாமே கேள்வி கேட்டுத் தாமே செய்ய வேண்டும், ஆசிரியர் பக்கத்தில் நின்று குடைய வேண்டும். அறையில் கணிப்பொறிகளை வாங்கி வைத்து வாசலில் பலகை மாட்டினால் மட்டும் ஒன்றும் நடக்காது. வாரத்துக்கு ஒரு பிரிவேளை இதற்குத் தகும் என்பது என் எண்ணம். தேர்வு நெருங்கும் மாதத்தில் நிறுத்திவிடலாம்.

இப்போது நாங்கள் செய்துகொண்டிருப்பது எங்கள் வகுப்பு மாணவியர் வசிக்கும் தெருக்களின் படம். ஐப்பசி, கார்த்திகை மழையில் யார் யார் தெருவில் தண்ணீர் தேங்கும், யாருக்குப் பள்ளிக்கு வர முடியாமல் போகும் என்று கேட்டுக் குறித்தோம். தெருத் தாள், வாய்க்கால் தாள், மேடுபள்ளத் தாள் மூன்றையும் சேர்த்து வைத்தபோது, தண்ணீர் தேங்கும் தெருக்களில் பெரும்பாலானவை பள்ளத்தில்தான் இருந்தன. அது எதிர்பார்த்ததே. ஆனால் மூன்று தெருக்கள் மேட்டில் இருந்தும் நீர் தேங்குகிறது. அவற்றுள் ஒன்று எங்கள் தெரு. ஏன் என்று தெரியவில்லை. சாலையை மேலே மேலே உயர்த்திப் போட்டதால் வீடுகள் தாழ்ந்துவிட்டன என்கிறார் பாட்டி. வடிகால் அடைப்பு என்கிறார் அப்பா. யார் சொல்வது சரி என்று காட்ட ஒரு தாள் குறைகிறது: நீரின் ஆழம். அதை யாரும் அளந்து வைத்திருக்கவில்லை. அதனால் அந்த மூன்று தெருக்களிலும் வீட்டுச் சுவர்களில் சாக்குக்கட்டியால் பத்து சென்டிமீட்டருக்கு ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறோம். சாக்கு மழையில் அழியும் என்று நான்காம் நாள்தான் ஒருத்திக்கு உறைத்தது. இப்போது அதே கோடுகளின்மேல் பெயின்ட் அடித்திருக்கிறோம். ‘திசை ஏறாது’ என்ற அந்த உறவினரின் வீட்டுச் சுவரிலும் ஒரு கோட்டுவரிசை இருக்கிறது. இந்த மலர் அச்சுக்குப் போகும் நாள் வரை நல்ல மழை பெய்யவில்லை. கார்த்திகையில் பார்க்க வேண்டும்.